பெருமாள்மலைப் பக்கம் ஒரு மௌன தியான இல்லம்: போகலாமா?

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம், தாராளமாகப் போகலாம். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தள அறையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். விரிவாக வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம், கொஞ்சம் நீளம்தான்.

இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அறைகள் மிகக் குறைவு, கூட்டம் கூடினால் மௌனம் போய்விடும் என்று சிஸ்டர்களே கேட்டுக்கொண்டார்கள். வத்தலகுண்டிலிருந்து மலையேறும்போது ஊத்து தாண்டி, பழனி ரோடு பிரிகிற பெருமாள்மலை வருகிறதல்லவா, அந்தச் சுற்றுவட்டாரம். கொடைக்கானல் பக்கத்துப் பங்குக் கோயில் எதில் கேட்டாலும் வழி சொல்லுவார்கள். ஒரு குழப்பம் வராமல் இருக்கச் சொல்கிறேன், இது போதி ஜென்டோ அல்ல. அது இயேசு சபைக் குருவான ஆமா சாமி அவர்கள் 1996இல் தொடங்கியது, ஜென் பௌத்த வழியில் அமர்வதற்கென்றே உள்ள இடம். நான் சொல்வது கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் சிறிய இல்லம். இங்கே கற்றுத்தருவது வேதவசனத்தை வைத்துச் செய்கிற தியானமும் ஒரே சொல்லைச் சொல்லி அமர்கிற ஜெபமும்.

நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட். திண்டுக்கல்லில் எங்கள் சபையில் ஜெபம் என்றால் வாய்விட்டு, கண்ணீர்விட்டு, மைக் வைத்துச் செய்வது. அதில் வளர்ந்தவள் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஜெபத்தில் நான்தான் பேசுகிறேன், ஆராதனையில் போதகர் பேசுகிறார், கன்வென்ஷனில் பிரசங்கியார் பேசுகிறார், வீட்டில் அனுதின தியானப் புத்தகம் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறது. கர்த்தர் எப்போது பேசுவார்? "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று 46ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, அந்த வசனம் எங்கள் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது, ஆனால் அமர்ந்திருப்பதற்கு என்று யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லித்தந்ததில்லை. கத்தோலிக்கர்களுக்கும் இதே நிலைதான் என்று அங்கே வந்திருந்த ஓர் அக்கா சொன்னார். அவர்கள் ஊரில் தவக்காலத் தியானம் என்றால் பந்தல், ஒலிபெருக்கி, நாள் முழுக்கப் பிரசங்கம், நடுவில் தேநீர்.

என் அத்தையும், அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவும், கூட வந்தார். எழுபது தாண்டியவர், உபவாச ஜெபம் என்றால் முதல் வரிசையில் இருப்பவர். "வாயைத் தொறக்காம என்னம்மா ஜெபம்?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்.

சரி, நடப்பதைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு ஒரு சிஸ்டர் வராந்தாவில் கைமணியை ஆட்டிக்கொண்டே நடப்பார். சிற்றாலயத்தில் பாய் விரித்திருக்கும், தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி, நடுவில் சிலுவை வைத்த குத்துவிளக்கு. இருபது நிமிடம் அமர்வு. முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஐந்து நிமிடம்கூட வராது: முதுகு நேராக இருக்கட்டும், தாடையை இறுக்காதீங்க, ஒரு சொல்லை எடுத்துக்கங்க, மூச்சோட அதை மெதுவா உள்ளுக்குள்ள சொல்லுங்க, மனசு ஓடினா திட்டாம திரும்பி வந்து அந்தச் சொல்லைச் சொல்லுங்க. அவ்வளவுதான். "இயேசுவே" என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசியில் பவுல் அப்படியே விட்டுவைத்த "மாரநாதா" (எங்கள் கர்த்தாவே, வாரும்) என்ற அரமேயச் சொல்லை எடுத்தவர்கள் உண்டு. அத்தை எடுத்தது "அப்பா பிதாவே". ஒரு சொல் என்றால் ஒரு சொல் என்று சிஸ்டர் அதட்டவில்லை, சரி என்றுவிட்டார்.

இந்த ஒரு சொல் முறை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன், ஏனென்றால் திண்டுக்கல்லுக்குத் திரும்பியதும் என்னிடம் கேட்கப்போகிறார்கள். ஜான் மெயின் என்ற பெனடிக்டைன் (கத்தோலிக்கத் துறவற சபை) துறவி, 1982இல் இறந்தவர், துறவியாவதற்கு முன் 1950களில் மலாயாவில் வேலையில் இருந்தபோது அங்கே ஒரு இந்துச் சுவாமியிடம் அமரக் கற்றுக்கொண்டார். பிறகு மடத்துக்குள் வந்தபோது, இது நம் வழி இல்லை, விட்டுவிடு என்றார்கள், விட்டுவிட்டார். பல வருடம் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டின் ஜான் காசியன் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கேட்டு எழுதிவைத்ததைப் படிக்கிறார். அங்கே ஐசக் என்ற பெரியவர் சொல்லித்தருவது இதே காரியம்தான்: ஒரே ஒரு வசனத்தை வைத்துக்கொள், எழும்போதும் படுக்கும்போதும் வேலை செய்யும்போதும் அதை விடாதே. அந்த வசனமும் நமக்குத் தெரிந்த 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது இன்னொரு விஷயம். அந்த உரையாடலில் காசியனோடு போன ஜெர்மானுஸ் என்ற துறவி முறையிடுகிறார், ஒரு சங்கீதத்தில் மனதை நிறுத்தினால் அது இன்னொரு வசனத்துக்கு ஓடுகிறது, அங்கிருந்து வேறெங்கோ போய்விடுகிறது, பிடித்து நிறுத்த முடியவில்லை என்று. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால், போனும் இல்லாத பாலைவனத்தில்! எனக்கு ஓடியது கேஸ் புக் பண்ணினேனா என்பதிலும் சின்னவன் பரீட்சையிலும்.

இங்கேதான் நம் ஆட்கள் கேட்கும் கேள்வியை எடுக்க வேண்டும். "மனசைக் காலி பண்ணினா அசுத்த ஆவி வந்து உட்கார்ந்துக்கும், மத்தேயு பன்னிரண்டுல இருக்கு" என்று கிளம்பும் முன்பே ஓர் உறவினர் எச்சரித்தார். கூட்டிப் பெருக்கிக் காலியாக இருந்த வீட்டுக்கு ஏழு ஆவிகள் வந்த பகுதி அது. பயம் நியாயமானதுதான், நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இல்லத்தில் நான் பார்த்தவரை வீட்டை யாரும் காலியாக விடச் சொல்லவில்லை. உள்ளே ஒருவர் ஏற்கனவே இருக்கிறார், அவரிடம் திரும்பு என்பதுதான் பாடம். "கிறிஸ்து எனக்குள் பிழைத்திருக்கிறார்" என்று கலாத்தியரில் பவுல் எழுதியதை நம்புகிறவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? சொல்லைச் சொல்வதும் மூச்சைக் கவனிப்பதும் கதவைத் திறந்துவைக்கிற வேலை, வருகிறவர் நம் முயற்சியால் வருவதில்லை. இதை சிஸ்டர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: நல்லா உட்கார்ந்தேன்னு சந்தோஷப்படாதீங்க, உட்காரவே முடியலன்னு வருத்தமும் படாதீங்க, ரெண்டையும் அவர்கிட்ட குடுத்துடுங்க. 1989இல் வத்திக்கான் கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது, அதில் எச்சரிப்பது இதைத்தான்: உடலும் மனமும் அமைதியாவதையே பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளாதே. அதே கடிதம், கிறிஸ்தவ ஜெபத்தின் உள்ளடக்கம் கெடாதவரை பிற மரபுகளில் நல்லதாக உள்ள வழிமுறைகளைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லுகிறது. அதன் பிரதி நூலக அலமாரியில் இருந்தது, மதிய ஓய்வில் வாசித்தேன்.

இந்த வித்தியாசம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், முன்பு வேறொரு ஊரில் "கிறிஸ்தவ ஆழ்நிலைத் தியான முகாம்" என்ற பெயரில் நடந்த ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். நல்ல அறை, நல்ல சாப்பாடு, பின்னணியில் புல்லாங்குழல், மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும், வேலையில் கவனம் கூடும் என்று காலையிலிருந்து இரவு வரை சொன்னார்கள். தூக்கமும் வந்தது. இயேசுவின் பெயர் ஆரம்ப ஜெபத்தில் ஒருமுறை, முடிவு ஜெபத்தில் ஒருமுறை. பெருமாள்மலை இல்லத்தில் அமைதி கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அழுகை வரலாம், கோபம் வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம், எது வந்தாலும் ஜெபத்தில் கொண்டுவந்து வை என்கிறார்கள். நான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்வதற்கு ஒரே காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காலை உணவுக்குப் பிறகு வசனத் தியானம். நாள் முழுக்க ஒரே பகுதிதான், மாற்றித்தர மாட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது மாற்கு பத்தாம் அதிகாரக் கடைசி, எரிகோவில் வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்ட பர்திமேயு. முறை இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னேஷியஸ் லொயோலாவுடையது. 1522இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கி ஜெபித்தபோது எழுத ஆரம்பித்து, 1548இல் போப் மூன்றாம் பவுல் அங்கீகரித்த "ஆன்மப் பயிற்சிகள்" என்ற புத்தகத்தில் இருப்பது. முழுதாகச் செய்தால் ஏறக்குறைய முப்பது நாள். கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் இடத்தில், நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிற வழி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா மேடுபள்ளமா என்று மனக்கண்ணால் பார் என்கிறார். அவ்வளவு துல்லியம். அதேபோல சிஸ்டர் எங்களிடம் கேட்டார்: எரிகோ ரோடு உங்களுக்கு எப்படித் தெரியுது? வெயிலா, புழுதியா, யார் யார் நிக்கிறாங்க, நீங்க எங்க நிக்கிறீங்க?

எனக்கு வந்தது எரிகோ இல்லை. வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்ட் வாசல். வெளியே வருகிற பஸ் திரும்பும் இடத்தில் ஒரு கண் தெரியாதவர் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார், ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்துகிறார், வரிசையில் நிற்கிறவர்கள் "சும்மா இருய்யா" என்கிறார்கள். அந்தக் குரல்கள் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தால் வரிசையில், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பிறகு "இயேசு நின்று" என்று வருகிறது. எருசலேமுக்குப் போகிற வழி அது, அங்கே அவருக்குக் காத்திருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும், ஒரு பெரிய கூட்டம் கூடவே வருகிறது, ஒருவன் கத்தியதற்காக அத்தனையையும் நிறுத்தி நிற்கிறார். அடுத்த அமர்வில் நான் இதைத் தாண்டிப் போகவே இல்லை. இத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பார்வை அடைந்தான் என்பதற்கு ஓடிப் போய்விடுவேன், அவர் நின்றதில் நான் நின்றதே இல்லை. நிறைய அறிவது ஆத்துமாவைத் திருப்தியாக்காது, உள்ளே உணர்ந்து சுவைப்பதே திருப்தியாக்கும் என்று இக்னேஷியஸ் முதல் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறாராம். அது எனக்கு அந்த நாற்காலியில் விளங்கியது.

முடிவில் ஒரு பேச்சு உண்டு. நண்பனிடம் நண்பன் பேசுவதுபோல கிறிஸ்துவிடம் நேராகப் பேசச் சொல்கிறார்கள். "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்ற கேள்வியை அவர் உங்களிடமே கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் சொன்னது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். வழக்கமாக என் ஜெபக் குறிப்பு நோட்டில் இருக்கிற எதுவும் அதில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அத்தைக்கு வருவோம். முதல் நாள் மாலை தனிச் சந்திப்பில் அவர் சிஸ்டரிடம் கேட்டதை வெளியே வந்து அப்படியே என்னிடம் சொன்னார். (மௌன நேரம்தான், வராந்தா ஓரத்தில் கிசுகிசுத்தார், சிஸ்டர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.)

"சத்தமில்லாத ஜெபம் கர்த்தருக்குக் கேக்குமா சிஸ்டர்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"சாமுவேலோட அம்மா அன்னாள் எப்படிம்மா ஜெபிச்சாங்க, நீங்களே சொல்லுங்கன்னு என்கிட்டயே திருப்பிட்டாங்கம்மா."

அவ்வளவுதான், அத்தைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்று சாமுவேல் முதல் அதிகாரம் அவருக்கு மனப்பாடம். அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கப்படவில்லை, பக்கத்திலிருந்த ஆசாரியனே அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். குழந்தை வரம் வாங்கிய ஜெபம் அது. மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே அத்தை பாயில் இருந்தார்.

நம் புராட்டஸ்டன்ட் ஆட்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "இது ரோமன் கத்தோலிக்கச் சமாச்சாரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். மார்ட்டின் லூத்தர் 1535இல் தனக்கு முடிதிருத்துகிற பேதுரு என்பவனுக்கு எப்படி ஜெபிப்பது என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் எனக்குப் போதனை என்ன, நன்றி சொல்ல என்ன இருக்கிறது, அறிக்கையிட என்ன, கேட்க என்ன என்று நான்காகப் பிரித்து அதில் தங்கு என்கிறார். கவனத்தைப் பற்றிச் சொல்லும்போது, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவாய் அல்லவா, ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டாமா என்று அவன் தொழிலை வைத்தே கேட்கிறார். சரி, இன்னும் கிட்ட வருவோம். ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் லூத்தரன் போதகர் தீட்ரிக் பான்ஹாஃபர் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் ரகசியம்போல நடத்திய போதகர் பள்ளியில், 1935இலிருந்து 1937இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ வந்து மூடும்வரை, மாணவர்கள் தினமும் காலையில் அரை மணி நேரம் மௌனமாக ஒரு வேதபகுதியைத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஒரே பகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக்கூடாது, அது உனக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் பார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு 1945இல் தூக்கு மேடை வரை போன மனிதர் அவர். தமிழ்நாட்டிலும் 1921இலேயே திருப்பத்தூரில் ஒரு டாக்டர் ஜேசுதாசனும் ஒரு டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் புராட்டஸ்டன்ட்கள். கத்தோலிக்கர்கள் குளித்தலைப் பக்கம் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியது 1950இல்தான். ஆக அமர்ந்து தியானிப்பது நமக்கும் சொந்தம், விட்டுவிட்டது நாம்.

அதைவிட முக்கியமாக, "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று மாற்கு முதல் அதிகாரம் சொல்லுகிறது. முந்தின சாயங்காலம் பட்டணம் முழுக்க வீட்டு வாசலில் கூடி நின்றது, காலையில் சீமோன் தேடிக்கொண்டு வந்து எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அவ்வளவு வேலை இருந்தவருக்கே அது தேவைப்பட்டது.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுமையாகாது. சைவம்தான். காலையில் உப்புமா அல்லது இட்லி, மதியம் சோறு, பீன்ஸ் சாம்பார், கேரட் பொரியல், மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசம். அந்த ரசத்துக்கு நான் இரண்டாம் முறை கையை நீட்டினேன். சாப்பாட்டு அறையிலும் மௌனம்தான், ஒருவர் மட்டும் ஓரமாக நின்று ஏதாவது ஒரு புனிதரின் வாழ்க்கையை வாசிப்பார். இந்த மௌனத்தில் ஒன்றைக் கவனித்தேன். உப்பு வேண்டும் என்று கேட்க முடியாது என்பதால் எதிரில் இருப்பவர் உங்கள் தட்டைப் பார்க்க ஆரம்பிக்கிறார். நீங்கள் நிமிரும் முன் உப்புக் கிண்ணம் நகர்ந்து வந்துவிடும். பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மா, எனக்கு மோர் பிடிக்கும் என்பதை இரண்டாம் வேளையிலேயே தெரிந்துவைத்திருந்தார். காலை பத்தரைக்கு ஒரு மணி நேரம் வேலை உண்டு: பூண்டு உரிப்பது, தோட்டத்தில் களை எடுப்பது, வராந்தா துடைப்பது. வேலையின்போதும் அந்தச் சொல்லை விடாதீர்கள் என்கிறார்கள். என் வரையில் பாயில் ஒட்டாத ஜெபம் பூண்டு உரிக்கும்போது ஒட்டியது.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். பெரிய குறை வழிநடத்துதல் நேரம். இக்னேஷியஸ் முறையில் பயிற்சி தருபவரோடு தினமும் உட்கார்ந்து, ஜெபத்தில் என்ன நடந்தது என்று பேசுவது மிக முக்கியம். இங்கே அதற்குப் பயிற்சி பெற்ற சிஸ்டர் ஒருவர்தான். ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். எங்கள் குழுவில் அண்மையில் கணவரை இழந்த ஒரு பெண் இருந்தார், மௌனத்தில் அவருக்கு எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டது, அவருக்கு இன்னும் அதிக நேரம் தேவைப்பட்டது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. சிஸ்டர் இரவு ஜெபத்துக்குப் பிறகும் அவரோடு உட்கார்ந்திருந்தார், மனசு பெரியதுதான், ஆனால் ஏற்பாடு போதாது. இன்னும் ஒருவரையாவது வைக்க வேண்டும், அல்லது ஆட்களைக் குறைக்க வேண்டும். துக்கத்தில், மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் நிலையில் இருப்பவர்கள் முன்பதிவின்போதே சிஸ்டரிடம் பேசிவிட்டுப் போங்கள். அந்தச் சிஸ்டரைப் பற்றி ஒரு நல்லதும் சொல்ல வேண்டும், அவர் உபதேசம் செய்வதில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்த இடத்துக்கே திரும்பப் போங்க" என்பார், அவ்வளவுதான். படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேராகப் பேசிக்கொள்ளட்டும், பயிற்சி தருபவர் நடுவில் சாயக்கூடாது என்பது இக்னேஷியஸ் வைத்த விதி, அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்.

அடுத்தது தாள்கள். மாலையில் செய்கிற ஆன்மச் சோதனைக்கு ஐந்து படிகள் எழுதிய தாள் தருகிறார்கள்: நன்றி, ஒளி கேட்டல், அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். மிக நல்ல பயிற்சி, வீட்டில் தொடர எளிது. ஆனால் தாள் ஆங்கிலத்தில், அதுவும் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போனது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். அத்தைக்கு நான் தமிழில் எழுதிக்கொடுத்தேன், அதைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை, அதுவும் முந்துபவர்களுக்கே. சீசனில் போனால் பள்ளத்தாக்கில் இருக்கும் தங்கும் விடுதிகளிலிருந்து இரவு பத்து வரை பாட்டுச் சத்தம் ஏறி வரும். இல்லத்தின் தவறு இல்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு போங்கள். ஏப்ரல் மே தவிர்த்தால் நல்லது.

திருப்பலி தினமும் உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு நற்கருணை கிடையாது, முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுகிறார்கள், கையைக் குறுக்காக மார்பில் வைத்துக்கொண்டு போனால் குருவானவர் ஆசீர்வதிப்பார். அவர்கள் சபையின் ஒழுங்கு அது, எனக்குப் புரிகிறது. வலிக்கவும் செய்தது. ஒரே வசனத்தில் நாள் முழுக்கக் கூட இருந்துவிட்டு அந்த இடத்தில் பிரிய வேண்டியிருக்கிறது. அத்தையும் நானும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டோம்.

இதெல்லாம் மடத்தில் இருப்பவர்களுக்கு, குடும்பப் பெண்ணுக்கு எங்கே நேரம் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. வேலையை விட்டு வர முடியாதவர்கள் வீட்டில் இருந்துகொண்டே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி முழுப் பயிற்சியையும் பல மாதங்களுக்குப் பரப்பிச் செய்யலாம் என்று இக்னேஷியஸே அந்தப் புத்தகத்தின் பத்தொன்பதாவது குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் என்னால் முடியாது, ஆனால் காலையில் இருபது நிமிடமும் இரவில் அந்த ஐந்து படிகளும் முடிகிறது. இல்லத்தில் இதற்குத் தொடர் உதவி எதுவும் இல்லை, போனில் மாதம் ஒருமுறை பேசும் ஏற்பாடாவது இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். கேட்டிருக்கிறேன், யோசிக்கிறோம் என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். அரசுப் பஸ்ஸில் போனால் தொந்தரவு இல்லை, சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். இரவு இருட்டிய பிறகு வளாகத்தை விட்டு நடக்காதீர்கள், காட்டெருமை வேலி ஓரத்துக்கே வருகிறது. உள்ளே நுழைந்ததும் போனைக் கூடையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் நோயாளியோ சின்னக் குழந்தையோ இருந்தால் அலுவலகத் தரைவழி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அவசரம் என்றால் வந்து சொல்லுவார்கள், எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படிச் சொன்னார்கள். செலவு, கொடைக்கானலில் சாதாரண லாட்ஜ் அறை வாடகையைவிடக் குறைவு, சாப்பாடும் சேர்த்து. முடியாதவர்கள் முடிந்ததைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் போதும், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வேதாகமம் உங்களுடையதையே எடுத்துப் போங்கள், அங்கே இருப்பது புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மட்டும், பழைய மொழிபெயர்ப்பில் பழகியவர்களுக்கு அமர்வின்போது வசனம் வேறாகக் கேட்டால் கவனம் சிதறும். முன்பதிவு போனில்தான், மதியம் இரண்டு மணிக்குமேல் அழைத்தால் எடுப்பார்கள், காலையில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள்.